ஒன்பதாயிரம் டாலர் பாலம்

“குதிரைகளை நடத்திச் செல்லவும். மீறினால் இரண்டு டாலர் அபராதம்.” அமெரிக்காவின் வடகிழக்கில் ஓடும் கனெக்டிகட் ஆற்றின் மேல் நிற்கும் கார்னிஷ்–விண்ட்சர் மரப்பாலத்தின் முகப்பில், வண்டி நுழையும் வாய்க்கு மேலே, இன்றைக்கும் இப்படி ஒரு பலகை இருக்கிறது. பாலம் கட்டிய 1866-இல் இரண்டு டாலர் என்பது கூலியாள் ஒருவர் நாள் முழுக்கப் பாடுபட்டாலும் கையில் சேராத காசு. விளையாட்டுக்கு வைத்த தொகை இல்லை. குதிரைகள் ஒரே தாளத்தில் குளம்படித்து ஓடினால் அந்த அதிர்வில் மரச்சட்டங்களின் மூட்டுகள் தளர்ந்துவிடும் என்று அந்தக் காலத்தில் பயந்தார்கள். இப்போது அந்தப் பலகைக்குக் கீழே கார்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டு நுழைகின்றன. கிழக்குக் கரை நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் கார்னிஷ். மேற்குக் கரை வெர்மான்ட் மாநிலத்தின் விண்ட்சர். நடுவில் சுமார் 450 அடி நீளத்துக்குக் கூரையும் பக்கச் சுவரும் போட்ட மரக்கூடு.

நான் நியூ ஹாம்ப்ஷயரின் தெற்குப் பகுதியில் குடியிருக்கிறேன். அக்டோபர் பிறந்தால் எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் புளிசாதம் கட்டிக்கொண்டு, இலை நிறம் மாறுவதைப் பார்க்க வடக்கே கிளம்பிவிடும். போகிற வழியில் ஏதாவது ஒரு கூரைப் பாலத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வது வழக்கம். எனக்கு இந்தப் பாலத்தோடு பழக்கம் ஏற்பட்டது அப்படித்தான். பிறகு இலைக்காக இல்லாமல் பாலத்துக்காகவே போக ஆரம்பித்தேன். ஏப்ரலில் சேறும் பனிக்கட்டியும் கலந்து கிடக்கும்போது போய்ப் பார்த்தால்தான் இப்படி ஒரு மரச்சாமான் இங்கே எதையெல்லாம் தாங்க வேண்டியிருக்கிறது என்பது புரியும்.

ஊரிலிருந்து அம்மா வந்திருந்தபோது அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். பாலத்தின் வாயில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, “பாலத்துக்கு எதுக்குப்பா கூரை? மழைக்கு ஒதுங்கவா?” என்று கேட்டார். எல்லோரும் கேட்கிற கேள்விதான். பனி உள்ளே விழாமல் இருக்க என்று சிலர் சொல்வார்கள். குதிரை ஆற்றைப் பார்த்து மிரளாமல் இருக்க என்று சிலர் சொல்வார்கள். பனிக்காக என்பது நிச்சயமாக இல்லை. அந்தக் காலத்தில் குளிர்காலப் போக்குவரத்து முழுக்கச் சறுக்கு வண்டியில். சறுக்கு வண்டிக்கு அடியில் பனி இருந்தால்தான் அது நகரும். அதனால் கூரைக்குக் கீழே வெறும் பலகையாகக் கிடக்கும் தளத்தில், வெளியிலிருந்து பனியை அள்ளி வந்து பரப்புவதற்கென்று ஊர்ச்செலவில் ஆள் வைத்தார்கள். பனியைத் தடுக்கக் கூரை போட்டிருந்தால் கூலி கொடுத்துப் பனியை உள்ளே கொண்டுவர வேண்டிய அவசியம் இருந்திருக்காது.

கூரை மரத்துக்காகப் போட்டது. நனைவதும் காய்வதும் மாறி மாறி நடந்தால் மரம் உளுத்துப்போகும். இரண்டு கட்டைகள் சேரும் மூட்டில் தண்ணீர் தங்கினால் இன்னும் சீக்கிரம். அமெரிக்காவில் முதன்முதலாகக் கூரை போட்ட பாலமாகச் சொல்லப்படுவது பிலடெல்பியாவில் ஷூல்கில் ஆற்றின் மேல் திமோத்தி பால்மர் கட்டி 1805-இல் முடித்தது. கூரை போட வேண்டும் என்று வற்புறுத்தியவர் அந்தப் பாலக் கம்பெனியின் தலைவரான நீதிபதி ரிச்சர்ட் பீட்டர்ஸ். இவ்வளவு செலவு செய்கிறோமே, பத்துப் பன்னிரண்டு வருடத்தில் மறுபடியும் கட்ட வேண்டுமா என்ற கவலை. கூரையும் பக்கப் பலகையும் மழையை வாங்கிக்கொள்ளும். அவை வீணானால் மாற்றிக்கொள்ளலாம். உள்ளே சுமை தாங்கும் சட்டம் உலர்ந்தே இருக்கும். கூரைப் பாலத்தின் சூட்சுமம் மொத்தமும் இவ்வளவுதான். யோசனை எளிது. ஆனால் அந்தக் கூரையை யாராவது ஒருவர் விடாமல் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓடு பெயர்ந்த இடத்தை ஒரு பத்து வருடம் அப்படியே விட்டுவிட்டால், கூரையே இல்லாத பாலத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

இந்த இடத்தில் இது நான்காவது பாலம். 1796-இல் ஒன்று, 1824-இல் ஒன்று, 1850 வாக்கில் ஒன்று. மூன்றையும் ஆறு கொண்டுபோனது. கனெக்டிகட் ஆற்றில் வெள்ளம் என்றால் தண்ணீர் மட்டும் வருவதில்லை. குளிர்காலம் முழுக்க உறைந்து கிடந்த பனி, மார்ச் மாதத்தில் பாளம் பாளமாக உடைந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, தூணில் வந்து மோதும். மூன்றாவது பாலம் 1866 மார்ச்சில் போனது. அதே வருடமே புதுப்பாலம் எழுந்துவிட்டது. அவசரம் புரிந்துகொள்ளக் கூடியது. விண்ட்சருக்கு 1849-இல் ரயில் வந்துவிட்டிருந்தது. கிழக்குக் கரை விவசாயிகள் தங்கள் கம்பளியையும் ஆடுமாடுகளையும் ரயிலேற்ற இந்த ஆற்றைத் தாண்டியாக வேண்டும். பாலத்தை நடத்தியது ஒரு தனியார் கம்பெனி. சுங்கம் வாங்கி நடத்தினார்கள். பாலம் இல்லாத ஒவ்வொரு நாளும் கம்பெனிக்கு வருமானம் கிடையாது.

வேலையை எடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பக்கத்து ஊரான கிளேர்மான்டைச் சேர்ந்த பெலா ஃபிளெச்சர். இன்னொருவர் கார்னிஷைச் சேர்ந்த ஜேம்ஸ் டாஸ்கர். செலவு 9,000 டாலர். அருகிலிருந்த புல்வெளியில் சட்டங்களைப் பரப்பி, அளந்து, வெட்டி, பொருத்திப் பார்த்துவிட்டு, பிறகு ஆற்றின் மேல் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நடுவில் ஒரே ஒரு கல்தூண். இரண்டு கண்கள். ஒவ்வொன்றும் 200 அடிக்குச் சற்று மேல். 200 அடி நீளத்துக்கு நடுவில் தாங்கல் இல்லாமல் மரம் நிற்பது என்பது இன்றைக்கு நின்று பார்த்தாலும் நம்பச் சிரமமாகத்தான் இருக்கிறது.

இந்த இடத்தில் இதியல் டவுன் என்ற கட்டடக் கலைஞரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1820-இல் அவர் ஒரு காப்புரிமை வாங்கினார். பெரிய பெரிய உத்தரங்களும் தேர்ந்த ஆசாரிகளும் இல்லாமல், அறுவை மில்லில் கிடைக்கும் சாதாரணப் பலகைகளைக் குறுக்கும் மறுக்குமாகச் சாய்த்து, சேரும் இடங்களில் துளை போட்டு ஓக் மர முளைகளை அடித்துப் பாலத்தின் பக்கச் சட்டத்தை உருவாக்கும் முறை அது. நம் ஊரில் மூங்கில் பிளாச்சுகளைச் சாய்வாகப் பின்னித் தட்டி செய்வார்களே, அதையே ஒரு ஆள் உயரத்துக்கு மேல் எழுப்பி, மேலும் கீழும் நீளவாக்கில் விட்டம் கட்டிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பலகை தளர்ந்தாலும் பக்கத்திலிருக்கும் பலகைகள் சுமையைப் பங்குபோட்டுக்கொள்ளும். கிராமத்துத் தச்சர்கள் யார் வேண்டுமானாலும் கட்டலாம் என்பதால் இந்த முறை நாடு முழுக்கப் பரவியது. டவுன் அடிக்கு ஒரு டாலர் உரிமைத்தொகை வாங்கினார். கேட்காமல் கட்டிவிட்டு மாட்டிக்கொண்டால் இரண்டு டாலர்.

டாஸ்கரும் ஃபிளெச்சரும் அந்தப் பின்னலை எடுத்துக்கொண்டு, பலகைக்குப் பதிலாகச் சதுரக் கட்டைகளைப் போட்டார்கள். பாலத்தின் உள்ளே பக்கவாட்டுச் சட்டத்துக்கு அருகில் போய் நின்றால் இது தெளிவாகத் தெரியும். இரண்டு கட்டைகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இடத்தில் இரண்டிலும் காடி வெட்டியிருக்கிறார்கள். ஒன்றின் காடிக்குள் மற்றது உட்கார்ந்திருக்கிறது. விரலை வைத்துத் தடவிப் பார்த்தால் சேர்க்கை தட்டுப்படும், இடுக்கு தட்டுப்படாது. அந்தக் காடி ஆழமாகப் போனால் கட்டை பலவீனமாகிவிடும். ஆழம் குறைந்தால் பிடிப்பு இருக்காது. ஒரு மூட்டில் சரியாக வெட்டினால் போதாது, இரண்டு பக்கச் சட்டத்திலும் முழு நீளத்துக்கும் இதே கணக்கு பிசகாமல் வர வேண்டும். பாலத்துக்குள் போகிறவர்கள் கூரையைப் பார்த்துவிட்டு ஆற்றைப் பார்க்கிறார்கள். நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இந்தக் காடிகளைத்தான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஆற்றின் அந்தப் பக்கம், விண்ட்சர் ஊருக்குள், 1846-இல் கட்டிய ஒரு துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. ராபின்ஸ் அண்ட் லாரன்ஸ் கம்பெனியுடையது. ஒரு துப்பாக்கியின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் அப்படியே மாட்டும் அளவுக்கு, இயந்திரத்தை வைத்துத் துல்லியமாகப் பாகங்கள் செய்தவர்கள். 1851 லண்டன் கண்காட்சியில் அவர்கள் வைத்த துப்பாக்கிகளைப் பார்த்து அசந்துபோன பிரிட்டிஷ் அரசு, பிறகு அவர்களிடம் இயந்திரங்களே வாங்கியது. இன்றைக்கு அது ஒரு இயந்திர அருங்காட்சியகம். உலகத் தொழில்முறையை மாற்றிய பட்டறை அங்கே. அதன் பக்கத்திலேயே, ஒவ்வொரு மூட்டையும் அதனதன் இடத்துக்கென்று கைக்கருவியால் வெட்டிப் பொருத்திய பாலம். ஒரே ஊர், ஒரே தலைமுறை. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம், பார்க்கவும் வேண்டும்.

சரி, பாலத்தின் கதைக்கு வருகிறேன். 1936-இல் நியூ ஹாம்ப்ஷயர் அரசு அதைக் கம்பெனியிடமிருந்து விலைக்கு வாங்கியது. சுங்கம் உடனே போகவில்லை. 1943 வரை வாங்கிக்கொண்டிருந்தார்கள். வெர்மான்ட் ஏன் வாங்கவில்லை என்று கேட்கலாம். அதற்குப் பின்னால் ஒரு நெடிய வழக்கு இருக்கிறது. 1764-இல் இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜ் போட்ட உத்தரவு, கனெக்டிகட் ஆற்றின் மேற்குக் கரையை எல்லையாக வைத்தது. எல்லை ஆற்றின் நடுவில்தான் இருக்க வேண்டும் என்று வெர்மான்ட் வாதாடியது. 1933-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மேற்குக் கரையில் நீர்மட்டம் குறைந்திருக்கும்போது தண்ணீர் தொடும் கோடுதான் எல்லை என்று தீர்த்துவைத்தது. ஆக, ஆறு நியூ ஹாம்ப்ஷயருடையது. ஆற்றின் மேல் நிற்கும் பாலத்தில் பெரும்பகுதியும் அதனுடையதே. அதன் பராமரிப்புச் செலவும் சேர்ந்து வந்தது. விண்ட்சரிலிருந்து கிளம்பி இரண்டு மூன்று அடி வைத்தாலே நியூ ஹாம்ப்ஷயருக்குள் வந்துவிடுவீர்கள்.

அரசு வாங்கிய அதே 1936-இல் மார்ச் மாதம், நியூ இங்கிலாந்து என்று சொல்லப்படும் இந்த வடகிழக்கு மாநிலங்கள் முழுக்க வெள்ளம் புரண்டது. பாலம் தப்பித்தது. அதற்கு ஒன்பது வருடம் முன்னால், 1927 நவம்பர் வெள்ளத்தில் வெர்மான்ட் மட்டும் 1,200-க்கும் மேற்பட்ட பாலங்களை இழந்திருந்தது. கூரைப் பாலங்களின் காலம் பெரும்பாலும் முடிந்தது அப்போதுதான். போன இடத்தில் எல்லாம் இரும்பும் கான்கிரீட்டும் வந்தன. 1936 வெள்ளத்துக்குப் பிறகு மத்திய அரசு விழித்துக்கொண்டு, கனெக்டிகட்டின் கிளையாறுகளில் வெள்ளத் தடுப்பு அணைகள் கட்ட ஆரம்பித்தது. விண்ட்சருக்கு மேலே ஒட்டாகீச்சி ஆற்றில் நார்த் ஹார்ட்லண்ட் அணை 1961-இல் முடிந்தது. பாலத்தைப் பாதுகாத்தவர்கள் என்று பட்டியல் போடுகிறபோது யாரும் அணையைச் சேர்ப்பதில்லை. நான் சேர்ப்பேன். அதுவரை இந்தப் பாலம் ஒவ்வொரு மார்ச்சிலும் ஆற்றோடு நேருக்கு நேர் நின்றது. அதன் பிறகு ஆற்றின் கோபத்தில் ஒரு பகுதியை மேலேயே பிடித்து வைக்க ஆள் வந்துவிட்டது. அப்படியும் 1977-இல் வெள்ளமும் பனிக்கட்டியும் சேர்ந்து அடித்ததில் பாலத்துக்குச் சேதம் வந்தது.

1980-களில் பாலம் உண்மையிலேயே நோய்வாய்ப்பட்டது. நடுவில் மேல்நோக்கி லேசாக வளைந்திருக்க வேண்டியது, கீழ்நோக்கித் தொய்ந்தது. காரணம் எளிமையானது. சுமை வரும்போது மேல் விட்டம் நசுங்கப் பார்க்கும், கீழ் விட்டம் இழுபடும். 200 அடிக்கு ஒரே மரம் எங்கும் கிடைக்காது. அதனால் கீழ் விட்டத்தைத் துண்டு துண்டாகச் சேர்த்துத்தான் செய்ய முடியும். இழுப்பு வரும்போது அந்தச் சேர்க்கைகள்தான் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். 1866-இல் மாட்டு வண்டியை மனத்தில் வைத்துச் செய்த சேர்க்கை, நூறு வருடம் கழித்து நாள் முழுக்கக் கார்களைத் தாங்கியது என்பதே பெரிய விஷயம். 1987-இல் பாலத்தை மூடினார்கள். 1989 டிசம்பரில் திறந்தார்கள். செலவு 44 லட்சத்து 50 ஆயிரம் டாலர்.

இந்தப் பழுதுபார்ப்பில் செய்த ஒரு காரியத்தைப் பற்றி இன்றைக்கும் பேச்சு இருக்கிறது. பொறியாளர் டேவிட் ஃபிஷெட்டியின் திட்டப்படி, முக்கியமான நீள விட்டங்களின் இடத்தில், பலகைகளை அடுக்கிப் பசை வைத்து அழுத்தி ஒட்டிய புதுவகை விட்டங்களைப் பொருத்தினார்கள். ஒட்டிய விட்டத்தை மிக நீளமாகச் செய்யலாம். சேர்க்கைகள் குறையும். தொய்வு நிமிர்ந்து பாலம் மறுபடி வளைவுக்கு வந்தது. ஆனால் பழைய முறையில் வேலை செய்கிற தச்சர்களுக்கும், கூரைப் பாலங்களை நேசிக்கிற பலருக்கும் இது உறுத்தல். டாஸ்கர் பசை வைத்தா கட்டினார் என்பது அவர்கள் கேள்வி. மரத்தை மரத்தால், அதே மூட்டு முறையால் மாற்ற வேண்டும் என்பது அவர்கள் கட்சி. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. முறை கைவிட்டுப் போனால் அதைத் தெரிந்த கைகளும் போய்விடும்.

இருந்தாலும் நான் 1989-இன் பக்கம்தான். அவர்கள் முன்னால் இருந்த இன்னொரு வழி, இந்தப் பாலத்தைப் பார்வைக்கு மட்டும் நிறுத்திவிட்டு, பக்கத்தில் ஒரு கான்கிரீட் பாலத்தைப் போடுவது. அப்படிச் செய்திருந்தால் டாஸ்கரின் விட்டங்கள் அப்படியே இருந்திருக்கும். ஆனால் கூரையில் ஓடு பெயர்ந்தால் யாருக்கு அவசரம்? இரண்டு கரையிலும் இருப்பவர்கள் வேலைக்கும் கடைக்கும் இதில்தான் போய் வருகிறார்கள் என்பதால், இதில் ஒரு குறை வந்தால் அடுத்த நாளே யாராவது அரசுக்குப் போன் போடுகிறார்கள். ஒரு வருடம் மூடினால் ஊரே கேட்கிறது. அந்தக் கேள்வி இருக்கிறவரை பட்ஜெட்டில் பணம் ஒதுக்குவார்கள். பசை விட்டம் இந்தப் பாலத்துக்கு வாங்கிக்கொடுத்தது வலிமை மட்டும் இல்லை, அந்தக் கேள்வியையும்தான்.

புழக்கத்தில் இருப்பதால் வரும் தொந்தரவும் உண்டு. மரப்பாலத்தை உள்ளே கொல்வது பெரும்பாலும் கூரை ஒழுக்கு கூட இல்லை, கார் டயர்கள் கொண்டுவரும் மண்ணும் உப்பும்தான். குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு, சேறு, உருகிய பனி எல்லாம் பாலத்தின் இரு முனைகளில் வந்து விழுந்து, விட்டம் கல்லின் மேல் உட்காரும் இடத்தில் தேங்கும். அந்த ஈர மண் மேலேயிருந்து கண்ணுக்குத் தெரியாது. எந்தக் கூரைப் பாலத்துக்குப் போனாலும் முதலில் அந்த மூலையைக் குனிந்து பாருங்கள். அங்கே சுத்தமாகப் பெருக்கி வைத்திருந்தால் அந்த ஊர் தன் பாலத்தை நன்றாகப் பார்த்துக்கொள்கிறது என்று நம்பலாம்.

எல்லாம் சரியாகச் செய்தும் போன பாலங்கள் உண்டு. இதே ஆற்றில் வடக்கே, நியூ ஹாம்ப்ஷயரின் ஹேவர்ஹில்லையும் வெர்மான்டின் நியூபெரியையும் இணைத்த பெடல் பாலம். இதே 1866-இல் கட்டியது. இதைப் போலவே இரண்டு கண், கிட்டத்தட்ட 400 அடி நீளம். 1970-களில் இடித்துவிடலாம் என்ற நிலைக்கு வந்தபோது, உள்ளூர்க்காரர்கள் விடவில்லை. பணம் திரட்டினார்கள். வருடக்கணக்கில் வேலை செய்து புதுப்பித்து, 1979 ஜூலையில் விழா எடுத்துத் திறந்தார்கள். அதே செப்டம்பரில் அடித்த ஒரு புயற்காற்றில் பாலம் முழுவதும் ஆற்றில் விழுந்தது. இரண்டு மாதம் கூட நிற்கவில்லை. இப்போது அங்கே கல்தூண் இருக்கிறது. பாலத்தின் பெயரை வைத்த ஒரு பூங்கா இருக்கிறது. அந்த விழாவில் இருந்தவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும். அவர்கள் பக்கம் எந்தத் தவறும் இருந்ததாக எனக்குப் படவில்லை.

2011 ஆகஸ்ட் 28-ஐயும் இங்கே சொல்லியாக வேண்டும். ஐரீன் புயல் கொட்டிய மழையில் ஒரே நாளில் இரண்டு பேர்பெற்ற கூரைப் பாலங்கள் போயின. வெர்மான்டில் 1870-இல் சான்ஃபர்ட் கிரேஞ்சர் கட்டிய பார்ட்டன்ஸ்வில் பாலம் ஒன்று. அது ஆற்றில் சரிவதை உள்ளூர்க்காரர் ஒருவர் எடுத்த வீடியோவில், பார்த்துக்கொண்டிருந்தவர்களின் அலறல் கேட்கும். ஊர் அதை மறுபடி மரத்திலேயே கட்டி 2013 ஜனவரியில் திறந்தது. இன்னொன்று நியூயார்க் மாநிலத்தின் ஸ்கொஹாரி ஓடை மேல் நிக்கலஸ் பவர்ஸ் 1855-இல் கட்டிய பிளென்ஹைம் பாலம். நடுத்தூண் இல்லாமல் ஒரே தாவாக 200 அடிக்கு மேல். 1931-லேயே பக்கத்தில் இரும்புப் பாலம் வந்து இது ஓய்வு பெற்றுவிட்டது. அப்புறம் 80 வருடம் நினைவுச் சின்னமாக, பத்திரமாக வைத்திருந்தார்கள். வெள்ளம் ஓய்வு பெற்ற பாலம், உழைக்கிற பாலம் என்று பார்க்கவில்லை. இங்கே அவர்களைக் காப்பாற்றியது பழைய அளவுப் படங்கள். ஒவ்வொரு கட்டையின் நீள அகலமும் மூட்டும் குறித்து வைத்திருந்ததால் அதே அமைப்பில், முன்பைவிட உயரமாக, 2018-இல் மறுபடி எழுப்ப முடிந்தது. அதைப் பழைய பாலம் என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பவர்ஸின் அறிவு அதில் இருக்கிறது. எனக்கு அது போதும்.

தண்ணீரைவிடக் கேவலமான எதிரி தீ. தானாகப் பிடிக்கிற தீ குறைவு, ஆள் வைக்கிற தீ அதிகம். கார்னிஷுக்குக் கிழக்கே நியூபோர்ட் ஊரில் கோர்பின் பாலம் 1993-இல் யாரோ வைத்த தீயில் சாம்பலானது. அதே வருடம் தெற்கே ஸ்வான்சி ஊரின் ஸ்லேட் பாலமும் எரிந்தது. நியூபோர்ட்காரர்கள் மறு வருடமே பாலத்தைக் கட்டிவிட்டார்கள். கட்டிக்கொடுத்தவர் ஆர்னால்ட் கிராட்டன். அவருடைய அப்பா மில்டன் கிராட்டன், கூரைப் பாலம் கட்டுகிறவர்களும் சீர்படுத்துகிறவர்களும் அருகிப்போன காலத்தில், பழைய முறை மாறாமல் அந்த வேலையைச் செய்துவந்தவர். புதுப் பாலத்தைக் கரையில் வைத்தே முழுக்கக் கட்டி முடித்து, காளை மாடுகளைப் பூட்டிக் கப்பி கயிறு போட்டு ஆற்றின் மேல் இழுத்து நிறுத்தினார்கள். கிரேன் கிடைக்காமல் இல்லை. மாடு மெதுவாக, ஒரே சீராக இழுக்கும். கட்டடத்துக்கு உதறல் வராது.

1998-இல் மத்திய அரசு கூரைப் பாலங்களுக்கென்றே ஒரு பாதுகாப்புத் திட்டம் கொண்டுவந்தது. வெர்மான்டின் செனட்டர் ஜிம் ஜெஃபர்ட்ஸ் முன்னெடுத்தது. அந்தப் பணத்தில் பழுதுபார்ப்பு மட்டும் இல்லாமல், தீத்தடுப்பு, அளவெடுத்துப் பதிவு செய்தல் எல்லாம் நடந்தன. அதற்கு வெகு முன்பே, 1950-இலிருந்து, கூரைப் பாலப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று ஆர்வலர்களின் உழைப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. கார்னிஷ்–விண்ட்சர் பாலம் வெகுகாலம் அமெரிக்காவின் மிக நீளமான கூரைப் பாலம் என்ற பெயரை வைத்திருந்தது. 2008-இல் ஒஹாயோவில் 613 அடியில் ஒன்று கட்டி அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. இந்த நூற்றாண்டில் புதிதாக ஒரு கூரைப் பாலம் கட்ட ஒரு ஊருக்குத் தோன்றியிருக்கிறதே, அது நல்லதுதான்.

இலை பார்க்கப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள், பெரிய பாலத்தோடு திரும்பிவிடாதீர்கள். கார்னிஷ் ஊருக்குள்ளேயே டாஸ்கர் கட்டிய சின்னப் பாலங்கள் இன்னும் மூன்று இருக்கின்றன. 1877-இல் 528 டாலருக்குக் கட்டிய புளோ-மீ-டவுன் பாலம், 1882-இல் 812 டாலருக்குக் கட்டிய டிங்கிள்டன் ஹில் பாலம், 1881-இல் 873 டாலருக்குக் கட்டிய கொல்லன் பட்டறைப் பாலம். இவற்றில் பின்னல் கிடையாது. நடுக்கம்பமும் சாய்கட்டையும் வைத்த பழைய எளிய அமைப்பு. மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது கடைசியாகச் சொன்னது. ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது ஒரே ஒரு குடும்பம். அந்த ஒரு குடும்பம் வந்து போவதற்காக ஊர் 873 டாலர் செலவழித்துக் கூரையோடு பாலம் கட்டிக்கொடுத்திருக்கிறது. 1983-இல் மில்டன் கிராட்டன் அதைச் சீர்படுத்தினார். இப்போது நடந்து போகிறவர்களுக்கு மட்டும். டிங்கிள்டன் ஹில் பாலத்தில் கார் போகலாம்.

வீடு மாற்ற வாடகை லாரி எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வருகிறவர்கள் மட்டும் ஜிபிஎஸ் காட்டுகிற குறுக்கு வழியை நம்ப வேண்டாம். பாலத்தின் முகப்பில் உயரமும் எடையும் எழுதியிருக்கும். இறங்கி நின்று படித்துவிட்டு, சந்தேகம் இருந்தால் திருப்பிக்கொண்டு நெடுஞ்சாலைப் பாலத்தில் போங்கள்.